நாமா, நாங்களா?

ரிங்லெட் கடைத்தெருவில் நண்பர் ஒருவர், "நாங்க தாப்பாவுக்குப் போறோம்" என்கிறார். போய் வாருங்கள் என்று விடைகொடுக்கிறோம். அவரே, "நாம தாப்பாவுக்குப் போவோம்" என்றால் நாமும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்! ஒரு சொல் மாறியதும், கேட்டுக்கொண்டு நின்றவர் பயணியாகிவிட்டார்.

பேசுகிறவர் தன்மை, கேட்கிறவர் முன்னிலை, மற்றவர் படர்க்கை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த இடங்களைத் தொல்காப்பியர் நுட்பமாகப் பார்த்தார். பேசுபவருக்கோ கேட்பவருக்கோ பொருள் வந்தால் 'தா'. மூன்றாமவருக்குப் போனால் 'கொடு' என்றார். "எனக்குக் கொடு" என்று நாம் இன்று பேசினாலும், மலையாளிகள் அந்த வேற்றுமையை விடவில்லை. கேட்கும் தோரணையையும் அவர் பிரித்தார்: தாழ்ந்தவர் 'ஈ' என்பார், ஒத்தவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார். கேட்பது ஒன்றுதான், யார் யாரிடம் கேட்கிறார் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

மலாய் மொழியிலும் 'நாங்கள்' என்பதற்குக் 'காமி', 'நாம்' என்பதற்குக் 'கித்தா' என இரு சொற்கள் உண்டு. (மரத்தில் பால் வெட்டும் கித்தா வேறு!) ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'வீ' ஒன்றே. பால்டிக் கடலோர லித்துவேனியரும் 'மெஸ்' என்ற ஒரே சொல்லால் முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் நம் 'நீ', 'நீங்கள்' போல 'து', 'யூஸ்' என்று கேட்பவருக்கு மட்டும் மரியாதை பார்த்துப் பேசுவார்கள்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? லயத்துக் கூரை ஒழுகுகிறது. முறையிடப் போகிறோம். நிர்வாகி ஆங்கிலத்தில், 'வீ' பழுது பார்ப்போம் என்கிறார். பக்கத்தில் நிற்கும் கிராணி அதைத் தமிழாக்க வேண்டும். "நாங்கள் பார்ப்போம்" என்றால் நிர்வாகம் வாக்குக் கொடுத்துவிட்டது. "நாம் பார்ப்போம்" என்றாலோ, ஞாயிற்றுக்கிழமை நாமே ஏணி தூக்க வேண்டியிருக்கும். கிராணி பொய் சொல்லவில்லை. ஆனாலும் கடன் கைமாறிவிட்டது.

வாக்குக் கொடுப்பது வெறும் பேச்சன்று, அதுவே ஒரு செயல் என்று ஆஸ்டின் என்ற ஆங்கிலேய அறிஞர் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றினார். அச்செயல் நிறைவேறச் சொல்பவருக்கு அதற்குரிய தகுதி வேண்டும். கூரை மாற்றித் தருவதாக மண்டோர் அன்போடு சொல்லலாம். செலவுக்குக் கையெழுத்திடுபவர் அவர் அல்லவே!

ஆகவே அடுத்த கூட்டத்தில் அப்படி ஒரு பதில் வந்தால், தலையாட்டுமுன் பணிவாக ஒன்று கேளுங்கள்: "ஐயா, நீங்கள் சொன்னது காமியா, கித்தாவா?"