தொண்ணூறு நாள் கணக்கு: உபா சட்டத்தில் கைதானவரின் குடும்பம் அறிய வேண்டியவை



விடியற்காலையில் கதவைத் தட்டி, மகனையோ கணவரையோ தீவிரவாத வழக்கில் அழைத்துப் போய்விட்டால், அந்தக் குடும்பம் முதலில் நிதானத்தை இழக்கிறது. அடுத்து நாட்களை இழக்கிறது. யாரைப் பார்ப்பது, எங்கே கேட்பது என்று அலைவதிலேயே வாரங்கள் ஓடிவிடும். ஊர் பேசுமே என்று வீட்டுக்குள் முடங்கிவிடுபவர்களும் உண்டு. ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத நிலையில் சிறையில் இருப்பவருக்குச் சட்டம் தந்துள்ள மிக வலுவான உரிமை நாட்கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. அந்த நாளைத் தவறவிட்டால் உரிமையும் கைநழுவிப் போகும்.

அப்பாவி உயிர்களைப் பறிப்பவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதேசமயம் கைது என்பது தண்டனை அல்ல. சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டவர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை குற்றவாளியும் அல்லர்.

கைதான அன்று

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் 1967-இல் வந்தது. யுஏபிஏ என்றும் உபா என்றும் சொல்கிறார்கள். 2008-இல் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அது மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆனாலும் அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு உபா வழக்கில் கைதாகும் எவருக்கும் பொருந்தும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

காரணத்தை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் தர வேண்டும் என்று 2024 மே 15 அன்று பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உபா சட்டத்தில் கைதான அவருக்கு எழுத்தில் காரணம் தரப்படாததால் அந்தக் கைதே செல்லாது என்றது. ஆகவே வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது, “காரணம் எழுதிய தாள் கொடுத்தார்களா?” என்பதுதான்.

கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அப்பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். படித்துப் பார்த்து, தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று கவனித்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து ஒருவர் குற்றவாளி என்று நிரூபிக்க முடியாது. பழைய தடா, பொடா சட்டங்களில் இருந்த அந்த வழி உபா சட்டத்தில் இல்லை.

90-உம் 180-உம்

சாதாரண வழக்குகளில் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். உபா வழக்கில் 90 நாட்கள். விசாரணை முடியவில்லை என்றால் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அறிக்கை தர வேண்டும். விசாரணை எதுவரை வந்துள்ளது, இவரை இன்னும் ஏன் சிறையில் வைக்க வேண்டும் என்பதை அதில் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நீதிமன்றம் ஏற்றால் மொத்தம் 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம். அந்த நீட்டிப்பு பற்றிய விசாரணையின்போது கைதானவர் நேரிலோ காணொலியிலோ இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது.

கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் கைதானவர் ஜாமீன் கேட்கலாம். இதைக் கட்டாய ஜாமீன் என்று சொல்லலாம். வழக்கறிஞர்கள் ‘டீஃபால்ட் பெயில்’ என்பார்கள். உபா வழக்கில் சாதாரண ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். குற்றச்சாட்டு முகாந்திரம் உள்ளதாகத் தெரிந்தாலே நீதிமன்றம் மறுத்தாக வேண்டும் என்று 43-டி(5) பிரிவு சொல்கிறது. கட்டாய ஜாமீனுக்கு அந்தத் தடை கிடையாது. இதில் நீதிமன்றம் பார்ப்பது கெடு முடிந்ததா, மனு வந்ததா என்பதைத்தான். இது வெறும் சட்ட நடைமுறை அல்ல, 21-ஆவது பிரிவின் கீழான அடிப்படை உரிமை என்று 2020-இல் பிக்ரம்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஒரே வழக்கு, இரு முடிவு

பீமா கோரேகான் வழக்கில் 2018-இல் கைதானவர் வழக்கறிஞர் சுதா பரத்வாஜ். அவருடைய காவலை 90 நாட்களுக்கு மேல் நீட்டித்த நீதிபதிக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2021 டிசம்பர் 1 அன்று மும்பை உயர் நீதிமன்றம் கண்டது. அவருக்குக் கட்டாய ஜாமீன் கிடைத்தது. அதே வழக்கில் அதே உரிமையைக் கேட்ட வேறு எட்டுப் பேருக்கு அன்று ஜாமீன் மறுக்கப்பட்டது. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் அவர்கள் இந்த உரிமையைக் கோரவில்லை என்பதே காரணம்.

இந்த உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது, கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். கேட்ட பிறகு வந்தால் உரிமை நிற்கும். இதைச் சென்னையிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. மனு முதலில் வந்தது, அதே நாளில் பின்னர் புலனாய்வு அமைப்பின் புகார் வந்தது. முதலில் வந்த மனுவே நின்றது. கொரோனா ஊரடங்கில்கூட இந்தக் கெடு நீளாது என்று மதுரை மாவட்டத்து வழக்கு ஒன்றில் அதே ஆண்டில் தீர்ப்பு வந்தது.

எப்படி எண்ணுவது?

போலீஸ் பிடித்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. மாஜிஸ்திரேட் முதன்முதலில் ரிமாண்ட் செய்த நாள்தான் முதல் நாள். அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மார்ச் 1 அன்று ரிமாண்ட் என்றால் 90-ஆவது நாள் மே 29. நீட்டிப்பு இல்லாமல், குற்றப்பத்திரிகையும் இல்லாமல் அந்த நாள் முடிந்தால், மே 30 காலை நீதிமன்றம் திறக்கும்போது மனு கையில் இருக்க வேண்டும். 180 நாட்களுக்கு நீட்டித்திருந்தால் கடைசி நாள் ஆகஸ்ட் 27. நீதிமன்றம் அதைவிடக் குறைவாகவும் நீட்டித்திருக்கலாம். எனவே நீட்டிப்பு உத்தரவின் நகலை வாங்கி வையுங்கள்.

வீட்டுக் காலண்டரில் இந்த நாட்களைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே ஜாமீன்தாரர்களைத் தேடுங்கள். ஜாமீன் உத்தரவானாலும் ஜாமீன்தாரரை நிறுத்தாதவரை சிறைக்கதவு திறக்காது. அந்த இடைவெளி ஆபத்தானது. ஜாமீன்தாரரின் அடையாள அட்டை, வீட்டு வரி ரசீது, சொத்து ஆவணம் என எவையெவை வேண்டும் என்று வழக்கறிஞரிடம் கேட்டுத் தயாராக வைத்திருங்கள். ஜமாஅத்தார் துணை நிற்க வேண்டிய இடம் இதுதான். பயந்து ஒதுங்கிய ஊரில் ஜாமீன்தாரர் கிடைப்பதில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறலாம். நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

வழக்கே இல்லாத காவல்

தேசிய பாதுகாப்புச் சட்டம், தமிழகத்தின் குண்டர் சட்டம் ஆகியவற்றின் கீழ் வைக்கும் தடுப்புக் காவல் வேறு. அங்கே குற்றப்பத்திரிகை என்பதே தேவையில்லை, ஆகவே 90 நாள் கணக்கும் செல்லாது. ஆனால் காவலுக்கான காரணங்களை, கைதானவருக்குத் தெரிந்த மொழியில் தர வேண்டும். அவர் அரசுக்கு முறையீடு அனுப்பலாம். மூன்று மாதத்துக்கு மேல் வைக்க ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். எந்தச் சட்டத்தின் கீழ் காவல் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குற்றப்பத்திரிகை வந்துவிட்டது, நாளும் போய்விட்டது என்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. விசாரணை முடிவதற்கு வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒருவரைச் சிறையில் வைத்திருந்தால், உபா சட்டத்தின் தடையையும் மீறி அரசியல் சாசன நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்று 2021-இல் கே.ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அவர் அதற்குள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

ஐந்து ஆண்டு காத்திருப்பதைவிட ஒரு காலண்டரில் நாள் குறித்து வைப்பது எளிது. இந்தப் பக்கத்தை எடுத்து வையுங்கள். இது உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும். தேவைப்படும் வீட்டுக்குத் தயங்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.