பேன் சமைக்கும் நஞ்சு

போடியிலிருந்து ஏலத்தோட்டக்காரர் ஒருவர் எழுதுகிறார்: “டயாஃபென்தியூரான் அடித்து இரண்டு நாளாச்சு. இலைப்பேன் இருந்த இடத்திலேயே இருக்கு. மருந்து போலியா?”

போலியாக இருக்க வேண்டியதில்லை. காயைச் சொறிபிடிக்க வைக்கும் பேனைப் பற்றி அவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மருந்துதான் விசித்திரமானது. சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனம் 1980களின் இறுதியில் அறிமுகப்படுத்திய சேர்மம் இது. மிளகாயில் சிலந்திப்பேனுக்கும் அடிக்கிறார்கள். பொட்டலத்தில் இருக்கும் வடிவில் இது பூச்சியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மூலக்கூறிலுள்ள கந்தக அணு கழன்றால்தான் கார்போடைஇமைடு என்ற நஞ்சு பிறக்கும். வெயில் பட்டால் கந்தகம் கழலும். ஆனால் ஏலம் நிழலில் வளர்வது. பேனோ இலையுறைக்குள் பதுங்குவது. அங்கே வெயில் ஏது?

பூச்சியின் உடலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. உள்ளே வரும் நஞ்சை உடைப்பதற்கென்றே அது வைத்திருக்கும் நொதிகள் இந்த மூலக்கூறிலும் கைவைக்கின்றன, கந்தகம் கழல்கிறது. பழைய மருந்துகள் பல செல்லாக்காசானதற்கு இதே வகை நொதிகள் ஒரு காரணம். அவற்றையே வேலைக்கு வைத்துக்கொண்ட குறும்பை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

பிறந்த நஞ்சு போய்ச் சேரும் இடம் மைட்டோகாண்ட்ரியா. லோயர் கேம்ப்பில் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து குழாய்வழி இறங்கி விசையாழியைச் சுற்றுகிறதல்லவா, அதே ஏற்பாடு இங்கேயும் உண்டு. புரோட்டான்கள் பாய, ஒரு புரதச் சக்கரம் நிஜமாகவே சுழல்கிறது. அதில்தான் உயிரணுவின் எரிபொருளான ஏடிபி உண்டாகிறது. (இதை விளக்கிய பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997இல் நோபல் பரிசு.) கார்போடைஇமைடு ஒட்டிக்கொண்டால் சக்கரம் நின்றுவிடும். நரம்பைத் தாக்கும் மருந்துபோல உடனே துடித்து விழாது பூச்சி. தின்னாமல், நகராமல் கிடந்து மூன்று நான்கு நாளில் சாகும்.

அதற்குள் பொறுமை போய், இன்னும் இரண்டு மருந்தைக் கலந்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு புதிய மருந்து கடைக்கு வருவதற்குள் ஏறத்தாழ 1,60,000 சேர்மங்களைச் சலிக்கிறார்கள். பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அதைச் சில பருவங்களிலேயே பேனுக்குப் பழக்கிவிடும் திறமை நமக்கு. எச்சம் வேறு. சபரிமலைப் பிரசாதமான அரவணையில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருப்பதாக அறிக்கை வர, 2023 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் பின்னர் அந்த உத்தரவை ரத்து செய்தது, ஆனால் 6.65 லட்சம் டின் அரவணை வீணாகிப்போனது.

தேனீயையும் மறந்துவிடுகிறோம். ஏலப்பூ ஒரு நாள் பூ. காலையில் தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும். இந்த மருந்து தேனீக்கும் ஆகாது. அதன் நடமாட்டம் ஓய்ந்த பிறகு, மாலையில் அடிப்பதே முறை. ஆனால் கம்பத்திலும் கூடலூரிலும் விடியலில் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுபவர்கள் மாலைக்குள் மலையிறங்க வேண்டும். அதனால் பல தோட்டங்களில் தேனீயும் தெளிப்பானும் ஒரே நேரத்தில்தான் பூவுக்கு வருகின்றன.