நாய்க்கு வாங்கும் டப்பா உணவு

ஊரில் இருந்தவரை நாய்க்கென்று தனியே உணவு வாங்கும் வழக்கம் நம்மில் பெரும்பாலோர்க்கு இருந்ததில்லை. மிஞ்சிய சோறும் மோரும் அதற்குப் போதும் என்றிருந்தோம். தில்லியிலோ மும்பையிலோ மூன்றாம் மாடிக் குடியிருப்பில், கணவனும் மனைவியும் காலையிலேயே அலுவலகம் புறப்பட்டுவிடும் இல்லத்தில், நிலைமை வேறு. தகர டப்பாவில் அடைத்து வரும் உணவு அங்கே பெரிய வசதி. ஆயினும் அதனுள் இருப்பது என்ன, கொடுத்த விலைக்கு அது தகுமா என்பதை அறிய, மேலே அச்சிட்டிருக்கும் வண்ணப் படம் சிறிதும் உதவாது. பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் நாம் படிக்க வேண்டும்.

இதை நாம் பட்டே அறிந்தோம். நம் வீட்டில் நான்கு மாதக் குட்டி ஒன்று இருந்தது. முழுதும் இறைச்சியே என்று விளம்பிய டப்பா ஒன்றைக் கடைக்காரர் புகழக் கேட்டு, ஏழெட்டு வாரம் அதையே கொடுத்து வந்தோம். குட்டி விரும்பித் தின்றது. உடம்பும் தேறியது போலவே தோன்றிற்று. பிறகு படியேற மறுத்தது; முன்னங்கால்கள் வளையத் தொடங்கின. கால்நடை மருத்துவர் குட்டியைப் பரிசோதித்தபின் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். அதன் விளிம்பில் இருந்த ஒரு சொல்லின்மீது விரலை வைத்தார். ‘காம்ப்ளிமெண்டரி’ என்றிருந்தது. இனாமைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் காதுக்கு இப்படியே ஒலிக்கும். எழுத்தில் மட்டுமே வேறுபாடு. இங்கே அதன் பொருள் துணை உணவு. வேறு உணவோடு சேர்த்துக் கொடுக்கலாம். அதை மட்டுமே கொடுத்து நாயை வளர்க்கலாகாது. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அக்குறையை ஈடுசெய்ய, வளரும் குட்டியின் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். உணவை மாற்றியபின் குட்டி நடந்தது, ஓடிற்று. கால் வளைவு மட்டும் முற்றும் நீங்கவில்லை.

ஆகவே முதலில் தேட வேண்டிய சொல் ‘கம்ப்ளீட்’, அதாவது முழு உணவு என்பது. அது எந்தப் பருவத்து நாய்க்கு, குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா, என்பதும் உடன் எழுதியிருக்க வேண்டும். அமெரிக்க டப்பாக்களில் ‘ஆஃப்கோ’ என்னும் அமைப்பின் பெயரும் ஐரோப்பிய டப்பாக்கள் சிலவற்றில் ‘ஃபெடியாஃப்’ என்பதும் இதனோடு காணப்படும்.

அடுத்தது தண்ணீர். டப்பா உணவில் நூற்றுக்கு 75 முதல் 85 பங்கு வரை நீரே. புரதம் 8 சதவீதம் என்று டப்பாவிலும், 22 சதவீதம் என்று உலர்ந்த உணவுப் பையிலும் போட்டிருந்தால், பையே சிறந்தது என்று நினைத்துவிடுகிறோம். நீரைக் கழித்துப் பார்ப்போம். டப்பாவில் ஈரம் 80 என்றால் மிச்சம் 20 பங்கு. அதில் 8 புரதம் எனில், நூற்றுக்கு 40. பையில் ஈரம் 10. மிச்சமுள்ள 90-இல் 22 எனில், நூற்றுக்கு 24-க்குச் சற்று மேல். கணக்குத் தலைகீழாகிவிட்டது! இதே கணக்கு நம் பணப்பைக்கும் பயன்படும். 400 கிராம் டப்பாவில் நீர் போக மிஞ்சுவது 80 கிராம். குழம்பு மிகுந்து, ஈரம் 86 சதவீதமானால் 56 கிராமே. இரண்டுக்கும் ஒரே விலை கேட்டால் எதை வாங்குவது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியல் எடையின் வரிசையில் அமைவது. ஆனால் அந்த எடை சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சை இறைச்சியில் முக்கால் பங்கு நீராதலால், அது எளிதில் முதலிடம் பிடித்துவிடும். அரிசி, அரிசி மாவு, தவிடு என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினாலோ, மூன்றும் தனித்தனியே கீழே இறங்கிவிடும். கூட்டினால் இறைச்சியை மிஞ்சக்கூடும். பெயரிலும் சூட்சுமம் உண்டு. அமெரிக்க விதிப்படி, கோழி நாய் உணவு என்று நேராகப் பெயர் வைக்க, சேர்த்த நீரை நீக்கிப் பார்க்கையில் 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். கோழி ‘டின்னர்’ என்றால் 25 போதும். ‘வித் சிக்கன்’ என்றால் 3 சதவீதமே, ஐரோப்பாவில் 4. கோழிச் சுவை என்று மட்டும் இருந்தால், நாக்குக்குத் தெரியும் அளவு இருந்தால் சரி. ‘வித்’ என்னும் சிறு சொல் எவ்வளவு கோழியை விழுங்கிவிடுகிறது பாருங்கள்.

குழம்பில் மிதக்கும் துண்டுகள் எல்லாம் இறைச்சி என்றும் எண்ண வேண்டாம். கோதுமைப் புரதத்தைப் பிசைந்து இறைச்சி போலவே துண்டு செய்வதுண்டு. அது நஞ்சன்று, ஆனால் டப்பாவில் குறித்த புரத அளவில் அதுவும் அடங்கும். அந்த அளவோ புரதத்தையே நேராக நிறுத்துச் சொன்னதன்று. நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கிச் சொன்னது. இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் 2007-இல் வட அமெரிக்காவில் நேர்ந்த விபரீதம். பிளாஸ்டிக் தட்டுச் செய்ய உதவும் மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் அதைக் கலந்திருந்தார்கள். சோதனையில் புரதம் உயர்ந்து காட்டியது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஒரு நிறுவனம் மட்டும் 6 கோடிக்கு மேற்பட்ட டப்பாக்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற்றது. புரதம் எவ்வளவு என்பதோடு, எதிலிருந்து வந்தது என்றும் பார்ப்பது அதனால்தான்.

அஞ்ச வேண்டாதவற்றுக்கு அஞ்சுவோரும் உண்டு. ‘பை-ப்ராடக்ட்’ என்றதும் முகம் சுளிக்கிறோம். ஈரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவை அதில் அடங்கும். நம்மூர் இறைச்சிக் கடையில் ஈரலுக்கு இருக்கும் மதிப்பு நமக்குத் தெரியாததா? எந்தப் பிராணியினுடையது என்று பெயர் சொல்லியிருந்தால் நல்லது. வாயில் நுழையாத இரசாயனப் பெயர்கள் பல, சமைக்கையில் அழிந்த வைட்டமின்களை ஈடுசெய்யச் சேர்த்தவையே. ‘குவார் கம்’ என்பது கொத்தவரை இனத்து விதையிலிருந்து எடுக்கும் பசை. ஜோத்பூரில் பணிபுரியும் அன்பர்கள் அந்த ஆலைகளை நேரிலேயே பார்த்திருக்கக் கூடும்.

டப்பா உப்பியிருந்தாலும், தையல் ஓரம் நசுங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திறந்தபின் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். செலவைக் குறைக்கச் சிறிது வெறுஞ்சோறு கலப்பதில் தவறில்லை. மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருக்கட்டும். சாம்பார் சோறு மட்டும் வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்; வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது.