கடல் நுண்பாசிக்கு நாமகரணம்

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் அலைகள் நீல ஒளி சிந்தியதைக் காணத் திரண்ட ஜனங்களுக்கு, குண்டூசித் தலையளவே உள்ள நாக்டிலூகா என்னும் ஜீவனே அவ்வொளிக்குக் காரணம் என்று விஞ்ஞானிகள் உடனே விடை கூற முடிந்ததென்றால், முற்காலத்தில் ஒருவர் அதனை உற்றுநோக்கி, லக்ஷணங்களை எழுதிப் பெயரிட்டு வைத்திருந்ததே அதற்கு ஆதாரம். அதனினும் நுண்ணிய பாசிகளுக்கு இந்த நாமகரணம் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு, நம் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆர். சுப்பிரமணியனின் பணி சிறந்த உதாரணமாகும்.

சென்னைக் கரையோரக் கடலில் மிதக்கும் டயாட்டம்களைப் பற்றி 1946இல் விஸ்தாரமாக எழுதிய அவர், பின்னர் மலபார்க் கடல் பச்சை நிறமடைந்து மீன்கள் மடிவதற்குக் காரணமான பாசி ஒன்றை ஆராய்ந்து, அதுவரை எவரும் விவரிக்காத ஜீவன் அது என்று தெளிந்து, 1954இல் ஹார்னெல்லியா மரீனா என்று பெயரிட்டு வெளியிட்டார். மதராஸ் ராஜதானியில் மீன்வள ஆராய்ச்சிக்கு உழைத்த ஜேம்ஸ் ஹார்னெல்லின் ஞாபகமாக அமைந்த பெயர் அது.

டயாட்டமாயிருந்தால், அமிலத்திலிட்டுச் சுத்தம் செய்தபின் எஞ்சும் சிலிகா ஓட்டின் வரிகளையும் துளைகளையும் கொண்டே இனத்தை நிர்ணயித்துவிடலாம்; ஆனால் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்களவே நீளமுள்ள இந்தப் பாசிக்கோ செல்சுவரே கிடையாதாகையால், பதப்படுத்தும் திரவத்தில் அது உருக்குலைந்துபோகும். ஆகவே அதன் வடிவத்தையும், முன்னும் பின்னுமாக அமைந்த இரு கசையிழைகளையும், பசுங்கணிகங்களையும் உயிரோடு இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் கண்டு சித்திரமாக்க வேண்டியிருக்கிறது. பின்பு, அதுகாறும் வெளியான விவரணைகள் யாவற்றோடும் ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாதென்று நிரூபித்து, லக்ஷணங்களை எழுதி, மூல மாதிரி ஒன்றையோ, அதைக் காப்பது இயலாதபோது ஒரு படத்தையோ சான்றாக நிறுத்திப் பிரசுரித்த பிறகே பெயர் செல்லுபடியாகும். இக்காலத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும் மரபணு ஆராய்ச்சியும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

அவ்வாறு இட்ட பெயரும் பரிசோதனைக்கு அப்பாற்பட்டதன்று. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான ஹாராவும் சிஹாராவும் இப்பாசியின் உள்ளமைப்பை நுணுகி ஆராய்ந்து, 1936லேயே நிறுவப்பட்ட சட்டோனெல்லா என்னும் பேரினத்தில் இது அடங்குமென்று கண்டு, முந்திய பெயருக்கே முதன்மை என்னும் விதிப்படி 1982இல் அதனை அங்கே மாற்றினார்கள். ஹார்னெல்லியா மறைந்தது, மரீனா நிலைத்தது. ஜப்பானிய மீன்பண்ணைகளைச் சேதப்படுத்தும் அந்தப் பாசியின் முழுப் பெயரை எழுதும்போது, முதலில் விவரித்தவர் என்ற முறையில் சுப்பிரமணியனின் பெயரை அடைப்புக்குறிக்குள் இடுவதே இன்றும் சாஸ்திர வழக்கு.