கைத்துப்பாக்கியில் ஓர் ஒட்டு ரகம்

மாந்தோப்பு வைத்திருப்போருக்கு ஒட்டு ரகத்தின் பெருமை நன்கு தெரியும். மண்ணில் வேரூன்றி நிற்கும் வலிமை ஒரு செடிக்கு உண்டு. இனிய கனி தரும் குணம் மற்றொரு செடிக்கு உண்டு. தேர்ந்த தோட்டக்காரன் இரண்டையும் ஒட்டுச் சேர்த்து, இரண்டின் நலத்தையும் ஒரே மரத்தில் பெறுகிறான். யந்திர உலகிலும் இத்தகைய ஒட்டு வேலை நடப்பதுண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் 1990-களில் உருவான பந்தயக் கைத்துப்பாக்கி ஒன்று அதற்கு நல்ல உதாரணம். எஃகையும் பிளாஸ்டிக்கையும் இணைத்துச் செய்த அந்தக் கருவிக்கு '2011' என்று பெயர்.

துப்பாக்கியைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். குறி பார்த்துச் சுடும் கலையில் நம் தேசத்து வாலிபர்களும் யுவதிகளும் உலக அரங்கில் பரிசு பெற்று வருகிறார்கள். ஆதலால் அந்தக் கலையின் கருவி எப்படி வளர்ந்தது என்று அறிவது வீண் காரியம் ஆகாது.

தாய் மரம்

இந்த ஒட்டு ரகத்தின் வேர் ஜான் மோஸஸ் பிரௌனிங் என்ற மேதையின் பட்டறையில் இருக்கிறது. அவர் 1855-ல் யூட்டா பிரதேசத்து ஆக்டன் நகரில், துப்பாக்கி செய்யும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். 1926-ல் பெல்ஜியம் தேசத்து ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில், வேலையில் ஈடுபட்டிருந்தபோதே உயிர் நீத்தார். அவர் வகுத்த கைத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சு மாதத்தில் ஏற்றுக்கொண்டது. அதற்குமுன் நடந்த சோதனையில் ஒரே துப்பாக்கியைக் கொண்டு 6,000 முறை சுட்டார்கள். அது ஒரு முறைகூடத் தடைப்படவில்லை. '1911' என்றே பெயர் பெற்ற அந்த ஆயுதம் 1985 வரையில் அந்த ராணுவத்தின் பிரதான கைத்துப்பாக்கியாக இருந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிது. தோட்டா வெடித்ததும், குழலும் அதன் மேலுள்ள நகரும் உறையும் ஒன்றையொன்று பற்றியவாறு சிறிது பின்னோக்கி வருகின்றன. பிறகு குழல் கீழே தாழ்ந்து விடுபடுகிறது. மேலுறை மட்டும் மேலும் பின்சென்று, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, குதிரையை மடக்கி வைக்கிறது. உடனே ஒரு சுருள்வில் அதை முன்னே தள்ள, அது புதிய தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுகிறது. இவ்வளவும் இமைப்பொழுதில் நடந்துவிடும். ஆனால் அடுத்த குண்டு வெளிப்பட வேண்டுமானால் விசையை மீண்டும் இழுத்தாக வேண்டும். அதனால்தான் இதை அரைத் தானியங்கி என்கிறார்கள்.

இந்தத் துப்பாக்கியின் விசை கீல் கொண்டு சுழலாமல், நேராகப் பின்னோக்கி நகர்வது. தேர்ந்த தொழிலாளி இழைத்துச் சீர்செய்தால், மிகக் குறுகிய தூரத்தில் மிருதுவாக இயங்கும். விரல் அசைவால் கை ஆடுவது குறைகிறது, குறியும் தவறாது. குறிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதன்மேல் பிரியம் வைத்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

ஏழு தோட்டாவும் ஒரு சங்கடமும்

1976-ல் அமெரிக்காவின் மிஸௌரி மாகாணத்துக் கொலம்பியா நகரில், பல தேசத்தார் கூடி ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை நிறுவினார்கள். ஜெப் கூப்பர் அதன் முதல் தலைவர் ஆனார். துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றுமே அவர்கள் போட்டிக்கு அடிப்படை. ஓரிடத்தில் நின்று நிதானமாகச் சுடும் போட்டியன்று இது. ஓடியும், வளைந்தும், மறைவிலிருந்து எட்டிப் பார்த்தும் காகிதக் குறிகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும்.

மதிப்பெண் கணக்கு விநோதமானது. பெற்ற புள்ளிகளைச் செலவான விநாடிகளால் வகுக்கிறார்கள். ஒருவர் 10 விநாடியில் 60 புள்ளி பெற்றால் அவர் விகிதம் 6. மற்றொருவர் 8 விநாடியில் 54 பெற்றால் 6.75, அவரே முந்துகிறார். ஆனால் அவசரத்தில் கை தவறி 8 விநாடியில் 44 புள்ளியே பெற்றால் விகிதம் 5.5 ஆகிவிடும். நிதானம் மட்டும் போதாது, வேகம் மட்டும் போதாது என்பதை இந்த வகுத்தல் கணக்கு ஈவிரக்கமின்றிக் காட்டிவிடுகிறது.

இங்கேதான் பழைய துப்பாக்கிக்குச் சங்கடம் வந்தது. பிரௌனிங்கின் கருவியில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். மாகஸினில் ஏழுதான் கொள்ளும். குறிகளோ இருபது, முப்பது. அடிக்கடி மாகஸினை மாற்றினால் விநாடிகள் பறந்துவிடும். இரட்டை வரிசையாக அடுக்கினால் பிடி பருத்துவிடும். கைக்குள் அடங்காத பிடியால் குறி ஏது? 1980-களின் இறுதியில் கனடாவின் பாரா-ஆர்ட்னன்ஸ் கம்பெனி, இரட்டை வரிசைக்கேற்ற உலோகச் சட்டத்தைச் செய்து காட்டியது. ஆனால் உலோகத்தின் கனமும் பருமனும் நீங்கவில்லை.

ஒட்டு வேலை

விர்ஜில் டிரிப், ஸாண்டி ஸ்ட்ரேயர் என்ற இரு நிபுணர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். துப்பாக்கியின் சட்டத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். மேலுறை ஓடும் தண்டவாளமும் விசையின் உறுப்புக்களும் தாங்கும் மேற்பகுதி, முன்போலவே எஃகு. கைப்பிடி மட்டும் வலிமையான பிளாஸ்டிக். பழைய முறையில் உலோகப் பிடியின் இருபுறமும் மரப் பலகைகளைத் திருகாணியால் பொருத்த வேண்டும். புதிய முறையில் பிடியே பலகை, பலகையே பிடி. இவ்வாறு மிச்சமான இடத்தில் இரண்டாவது வரிசை அமர்ந்தது. பிடியும் கைக்கு அடங்கியது.

இந்தக் கைத்துப்பாக்கியைச் செய்த எஸ்.டி.ஐ. என்னும் ஸ்தாபனம் 2020-ல் ஸ்டக்காட்டோ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. முழுதும் எஃகாயிருந்தால் கனம் மிகும். முழுதும் இலேசாயிருந்தால் சுடும்போது அதிகம் துள்ளும். எடை மேலேயும் இலேசு கீழேயுமாக அமைந்ததே இந்த ஒட்டு ரகத்தின் சிறப்பு.

பந்தயக்காரர்கள் இத்துடன் நிற்கவில்லை. குழலின் முனையில் துளைகளுள்ள உறுப்பொன்றைப் பொருத்தினார்கள். வெடிவாயு அதன் வழியே மேல்நோக்கிப் பீறிட்டுத் துப்பாக்கியின் மூக்கைக் கீழே அழுத்துகிறது. சிறு கண்ணாடியில் செம்புள்ளி ஒளிரும் குறிபார்வைச் சாதனத்தையும் சேர்த்தார்கள். 1990-ல் அத்தகைய சாதனத்துடன் டக் கோனிக் என்ற அமெரிக்கர் உலகப் பட்டம் வென்றபின், அது அந்தப் பிரிவில் எங்கும் பரவிவிட்டது.

பணமும் ஒழுக்கமும்

இதனால் ஒரு கேள்வி எழுந்தது: வெல்வது வீரனா, அவன் பணமா? இத்தகைய துப்பாக்கியின் விலை பல ஆயிரம் டாலர். கூட்டமைப்பு இதற்கு நியாயமான வழி கண்டது. கருவியின் தன்மைக்கேற்பப் பிரிவுகளை வகுத்து, சாதாரணத் துப்பாக்கியோடு வருவோர் தம்முள் போட்டியிடச் செய்தது. எல்லாம் அனுமதிக்கப்படும் திறந்த பிரிவிலும் மாகஸினின் நீளம் 170 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

இன்னும் கண்டிப்பானது பாதுகாப்பு விதி. துப்பாக்கி கை நழுவி விழுந்தால் அந்தப் போட்டியாளர் வெளியேற்றப்படுவார். குழலின் முனை அனுமதித்த எல்லையைத் தாண்டித் திரும்பினாலும் அதே தண்டனைதான். உலகப் பட்டம் பெற்றவரானாலும் விலக்கில்லை. கொல்வதற்கென்று பிறந்த ஒரு கருவியை விளையாட்டாக மாற்றியிருப்பது எஃகும் பிளாஸ்டிக்கும் அல்ல, இந்த ஒழுக்கமே.

நம் தேசத்தின் கணக்கு

நமக்கு இதில் என்ன பங்கு? 1878-ல் லிட்டன் பிரபுவின் அரசாங்கம் ஆயுதச் சட்டம் இயற்றி, இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதையே சந்தேகக் கண்கொண்டு பார்த்தது. அதே சட்டம் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அஹிம்சையை உயிரெனப் போற்றிய காந்தியடிகளே அதை அன்னிய ஆட்சியின் பெருங்குற்றமாகக் கண்டித்தார். ஜனங்களை நம்பாத ஆட்சியின் அடையாளம் அது. விடுதலைக்குப்பின் 1951-ல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் பிறந்தது. லோகசபையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் அதைத் தோற்றுவித்தார். தோற்ற தேதியைப் பார்த்தால் நம் குறிக்கலை இளம் பிள்ளைதான். ஆனாலும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார், 25 மீட்டர் அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

ஒலிம்பிக் துப்பாக்கிகள் வேறு இனம். அங்கே 2011-க்கு இடமில்லை. ஆயினும் கையும் கருவியும் ஒன்றையொன்று நம்பவேண்டும் என்ற தர்மம் இரண்டுக்கும் பொது. 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கர் என்ற இளம்பெண்ணின் காற்றுத் துப்பாக்கி, தகுதிச் சுற்றின் நடுவே பழுதுற்றது. அதைச் சரிசெய்வதில் அருமையான நிமிஷங்கள் கழிந்தன. அவர் இறுதிச் சுற்றை எட்டவில்லை. அதே பெண் 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்று தலைநிமிர்ந்தார்.

ஒலிம்பிக் மேடைகளில் பெரும்பாலும் காணப்படும் கைத்துப்பாக்கிகள் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்விட்ஸர்லாந்து ஆகிய தேசங்களில் செய்தவை. நம் பிள்ளைகளின் உறுதியும் பயிற்சியும் சுதேசிதான்; ஆனால் அவர்கள் கருவி இன்னும் கடல் கடந்தே வருகிறது. டெக்ஸாஸின் இரு தொழிலாளிகள் எண்பது ஆண்டுப் பழமையான வடிவத்தைப் புதிய பொருளோடு ஒட்டிப் புதுமை கண்டார்கள். கோவையிலும் லூதியானாவிலும் உலோகத்தை நூலிழை பிசகாமல் கடையும் கைகள் உண்டு. அவர்களுக்கு ஊக்கமும் கண்டிப்பான சட்டப் பாதுகாப்பும் ஒருங்கே கிடைக்குமானால், பதக்கத்தோடு கருவியும் நம்முடையது என்று சொல்லும் காலம் வரும்.