ஆங்கில வகுப்பில் மௌனம் ஏன்?

வகுப்பறையில் அமைதி நிலவினால் அது ஆசிரியரின் திறமைக்குச் சான்று என்று கருதுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். கணக்குப் போடும் நேரத்தில் அத்தகைய அமைதி நன்மை பயக்கலாம். ஆனால், ஒரு மொழியைக் கற்பிக்கும் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முக்கால் மணி நேரம் வாய் திறவாது அமர்ந்திருப்பார்களாயின், அந்த அமைதி பாராட்டுக்கு உரியதன்று; கவலைக்கு உரியது.

நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வகுப்பின் நிலை இதுவே. ஆசிரியர் பாடத்தை வாசிக்கிறார். தமிழில் பொருள் கூறுகிறார். கேள்விகளுக்குரிய விடைகளைக் கரும்பலகையில் எழுதுகிறார். பிள்ளைகள் அவற்றைப் பார்த்தெழுதி, மனப்பாடம் செய்து, தேர்வில் ஒப்புவிக்கிறார்கள். பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்த பின்னும், ஆங்கிலத்தில் உள்ள ஒரு விண்ணப்பத்தை நிரப்பவோ, வழி கேட்கும் வெளிமாநிலத்தாருக்கு இரண்டு வார்த்தை விடை கூறவோ இயலாமல் நிற்கிறார்கள்.

இப்பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்களா? இல்லவே இல்லை. இதே சிறுவன் தகப்பனாரின் கடையில் அமர்ந்து மனக்கணக்காகவே மீதிச் சில்லறை கொடுக்கிறான். இதே சிறுமி ரேஷன் கடை வரிசையில் நின்று, எடை குறைந்தால் கேட்டு வாங்கி வருகிறாள். ஆங்கில வகுப்பின் வாயிலைக் கடந்ததும் மட்டும் அவர்களுக்கு நா எழுவதில்லை. இதற்குக் காரணம் இரண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. ஒன்று, தவறு செய்துவிடுவோமோ என்னும் அச்சம். மற்றொன்று, அம்மொழியில் பேசுவதற்குரிய தேவை எதுவும் வகுப்பில் இல்லாமை. இவ்விரண்டையும் நீக்கினால் ஆர்வம் பிறக்க வழி உண்டாகும்.

அச்சம் நீங்க வேண்டும்

ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்து நகைக்குமுன், அத்தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்வது நலம். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இறுதியில் வந்து பொருளை முடிக்கும். ஆங்கிலத்தில் அது நடுவிலேயே வந்து நிற்கும். பெயர்ச்சொல்லுக்கு முன் 'எ', 'தி' என்னும் சிறு சொற்களைச் சேர்க்கவேண்டிய கட்டாயம் நம் மொழியில் இல்லை. 'புட்' என்ற ஆங்கிலச் சொல்லிலும் 'பட்' என்ற ஆங்கிலச் சொல்லிலும் நடுவில் நிற்பது ஒரே 'யு' எழுத்துதான்; ஒலியோ வெவ்வேறு. ஆகவே, நம் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பல சோம்பலின் விளைவு அல்ல. அறிந்த மொழியிலிருந்து அறியாத மொழிக்குப் பாலம் கட்ட முயலும் உழைப்பின் விளைவே அவை.

'அடியாத மாடு படியாது' என்று இன்னும் சிலர் கூறுவதுண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளுக்கு உடல் தண்டனை அளிப்பதை மட்டுமன்றி, அவர்கள் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்துள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிரம்பால் அடித்துப் பெருக்கல் வாய்பாட்டை ஒப்புவிக்கச் செய்துவிடலாம். பிரம்பைக் காட்டி ஒருவரை உரையாடச் செய்ய முடியுமா?

திருத்துவதில்தான் ஆசிரியரின் பக்குவம் வெளிப்படுகிறது. ஒரு மாணவி எழுந்து, "எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட், மிஸ்" என்கிறாள் என வைத்துக்கொள்வோம். "கோ இல்லை, வென்ட்! எத்தனை முறை சொல்வது?" என்று ஆசிரியை அதட்டினால், வகுப்பு சிரிக்கும்; அப்பெண் அமர்ந்துவிடுவாள்; மறுமுறை எழமாட்டாள். மாறாக, "ஓ, யூ வென்ட் டு தி மார்க்கெட்? வாட் டிட் யூ பை?" என்று முகமலர்ச்சியோடு கேட்டால், சரியான வடிவமும் அவள் செவியில் விழுகிறது, பேச்சும் தொடர்கிறது. எழுத்துப் பயிற்சியிலும் அவ்வாறே. பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் நிரப்புவதைவிட, இவ்வாரம் இறந்தகால வினைகளை மட்டும் திருத்துவது, அடுத்த வாரம் வேறொன்றைக் கவனிப்பது என்று வகுத்துக்கொண்டால், பிள்ளை மனம் தளராது.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் ஒரு கலை. அமெரிக்க நாட்டுக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ என்னும் அம்மையார், அந்நாட்டு அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து 1970-களில் ஓர் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஏறத்தாழ 1 விநாடியே! அதனை 3 விநாடியாகவோ சற்று மேலாகவோ நீட்டியபோது, விடைகள் நீண்டன. விடை கூறாதிருப்போர் குறைந்தனர். மந்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்டோரும் பேசத் தொடங்கினர். பழகிய மொழியிலேயே இவ்வாறெனில், புதுமொழியில் சொற்களைத் தேடி, அடுக்கி, நாவுக்குக் கொண்டுவர வேண்டிய நம் பிள்ளைக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும்! மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பிறகு அடுத்த பிள்ளையை நோக்குங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பள்ளி வளாகத்தில் தமிழில் பேசினால் அபராதம் விதிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தாய்மொழியைக் குற்றமாக்கிப் பிறமொழியில் பற்றை வளர்த்தல் இயலாது. அங்கே வளர்வது மௌனமும் மறைவும்தான்.

பேசுவதற்கு ஒரு காரணம்

அச்சம் நீங்கினால் மட்டும் போதாது. பேசுவதற்கு ஏதேனும் இருக்கவும் வேண்டும். இதனை நம் தென்னாட்டு வகுப்பறைகளிலேயே சோதித்துப் பார்த்தவர் என். எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், பெங்களூரிலுள்ள தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையோடு 1979 முதல் 1984 வரை நடத்திய முயற்சி, 'பெங்களூர்த் திட்டம்' என்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களால் அறியப்படுகிறது. பெயர் பெங்களூருடையதாயினும், சென்னையிலும் அதன் வகுப்புகள் நடைபெற்றன.

பிரபுவின் கருத்து எளியது. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் மொழியின் இலக்கணம் உள்ளே படிகிறது. எனவே அவ்வகுப்புகளில் இலக்கண விதிகள் வரிசையாகக் கற்பிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, விடை காணவேண்டிய சிறு சிறு பணிகள் தரப்பட்டன. ஊரின் வரைபடத்தில் வழி காணுதல், ரயில் கால அட்டவணையைக் கொண்டு கணக்கிடுதல் போன்றவை அவை. முதலில் ஆசிரியர் ஒரு பணியை வகுப்பு முழுவதோடும் ஆங்கிலத்தில் வினவி வினவிச் செய்து காட்டுவார். பின்னர், அதனை ஒத்த மற்றொன்றைப் பிள்ளைகள் தாமே செய்ய வேண்டும்.

சான்றாக இப்படி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஒரு வண்டி காலை 6 மணிக்குப் புறப்பட்டு 11 மணிக்குச் சேர்கிறது. மற்றொன்று 7 மணிக்குப் புறப்பட்டு 11.30-க்குச் சேர்கிறது. எது விரைவானது? பதினோரு மணிக்குத் திருமணத்தில் இருக்க வேண்டியவர் எதில் ஏற வேண்டும்? பாட்டி விடியற்காலையில் எழ இயலாதவர் எனில் என்ன செய்வது? இக்கேள்விகள் ஆங்கிலத்தில் கேட்கப்படும்போது, மாணவனின் கவனம் ஆங்கிலத்தில் இல்லை. வண்டியைப் பிடிப்பதில் இருக்கிறது. விடை தெரிந்துவிட்ட ஆவலில் அவன் கையைத் தூக்கிவிடுகிறான். ஓரிரு சொல்லில் விடை வந்தாலும் ஆசிரியர் ஏற்றுக்கொண்டு, அதனை முழு வாக்கியமாக்கித் திருப்பிக் கூறலாம்.

இத்திட்டத்தில் நம் மனத்தைக் கவர்ந்த மற்றொன்று, பணிகளின் கடுமையை அளந்த முறை. வகுப்பில் ஏறத்தாழ பாதிப்பேர், பணியில் பாதியையேனும் சரியாகச் செய்தால், அப்பணி பொருத்தமானது என்று கொண்டார்கள். மிக எளியதெனில் சலிப்பு. மிகக் கடினமெனில் சோர்வு. முயன்றால் எட்டும் உயரத்தில் இருப்பதே பிள்ளையை இழுக்கும்.

இம்முயற்சியை ஆராய்ந்து பெரெட்டா, டேவிஸ் ஆகிய இருவர் 1985-இல் மதிப்பீடு ஒன்றை வெளியிட்டனர். இலக்கண அமைப்பை மட்டும் சோதிக்கும் தேர்வில் பழைய முறையில் பயின்றோர் முந்தினர். மொழியைப் புரிந்து பயன்படுத்தும் தேர்வுகளில் புதுமுறையில் பயின்றோர் மேம்பட்டிருந்தனர். ஒப்பிடப்பட்ட வகுப்புகள் எல்லா வகையிலும் சமமானவை அல்லவாதலால், இம்முடிவை அளவோடு கொள்வதே நேர்மை. எனினும், சாதாரணப் பள்ளியில், கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டே இதனைச் செய்யக்கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. "ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாடத்தை முடிக்க வேண்டாமா?" என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பது நியாயமே. வாரத்தில் ஒரே ஒரு வகுப்பை இதற்கென ஒதுக்கிப் பாருங்கள். பாடநூலில் உள்ள பகுதியையே இத்தகைய புதிராக மாற்றலாமே!

கதைப் புத்தகத்தின் வல்லமை

கேட்பதிலும் பேசுவதிலும் போலவே, வாசிப்பிலும் விருப்பமே வழிகாட்டி. கரும்புத் தோட்டங்களால் தமிழர்க்கு அறிமுகமான பிஜித் தீவுகளில் எல்லி, மங்குபாய் என்னும் இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை 1983-இல் வெளியாயிற்று. புத்தகங்கள் அரிதாயிருந்த கிராமப் பள்ளிகளின் 4, 5-ஆம் வகுப்புகளுக்கு, படங்கள் நிறைந்த 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களை அவர்கள் அளித்தார்கள். ஆசிரியர் கதையைப் படித்துக்காட்டிப் பிள்ளைகளோடு உரையாடுவார். அல்லது பிள்ளைகள் தாமே அமைதியாக வாசிப்பார்கள். எட்டு மாதங்களில் வாசித்தும் கேட்டும் புரிந்துகொள்ளும் திறன், வழக்கமான வேகத்தைப்போல் இருமடங்கு வளர்ந்தது. மேலும் ஓராண்டு சென்றபின், அந்நன்மை எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. 'அடுத்தது என்ன நடக்கும்?' என்ற ஆவல், 'நாளைக்குத் தேர்வு' என்ற அச்சுறுத்தலைவிட ஆற்றல் மிக்கதன்றோ?

பெற்றோர் செய்யத்தக்கவை

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாது, நாங்கள் எவ்வாறு உதவுவது?" என்று பெற்றோர் பலர் வினவுகிறார்கள். தாராளமாக உதவலாம். மாலையில் மகள் ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்கும்போது, தாய் அருகில் அமர்ந்து காய் நறுக்கியபடியே செவிமடுக்கட்டும். "இந்தக் கதையில் என்னம்மா நடந்தது?" என்று தமிழில் கேட்கட்டும். கதையைத் தமிழில் எடுத்துரைக்க முடிந்தால், பிள்ளை அதனைப் புரிந்துகொண்டாள் என்று பொருள். சோப்பு உறையிலும் மருந்துச் சீட்டிலும் பேருந்துப் பலகையிலும் உள்ள ஆங்கிலச் சொற்களைப் பிள்ளையே வாசித்துப் பெற்றோருக்குக் கற்பிக்கட்டும். கற்பிக்கும் நிலைக்கு உயர்த்தப்பட்ட பிள்ளை கற்க மறுப்பதில்லை.

செய்யக்கூடாதவையும் உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உறவினர் வந்திருக்கையில், "எங்கே, இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசு பார்ப்போம்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலைக் கண்டதும், "உனக்கு இங்கிலீஷ் வராது" என்று ஒருபோதும் கூறாதீர்கள். பெற்றோர் வாயிலிருந்து வரும் அச்சொல்லைப் பிள்ளை நம்பிவிடுகிறது. அந்நம்பிக்கை ஆங்கிலப் பாடத்தோடு நில்லாமல் 'எனக்குப் படிப்பே வராது' என்ற முடிவாக முற்றி, பள்ளிப் படிப்பையே கைவிடச் செய்யக்கூடும்.

ஆங்கிலம் அறிவின் அளவுகோல் அன்று. அது ஒரு கருவி. மேற்படிப்புக்கும் வேலைக்கும் அக்கருவி துணை செய்யும் என்பதால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அது கிடைத்தாக வேண்டும். வசதி படைத்தோர் தனிப்பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஏனையோருக்கு வகுப்பறை ஒன்றே வழி. அவ்வகுப்பறையில் தவறாகவேனும் ஒரு வாக்கியத்தைத் துணிந்து கூறும் பிள்ளையை நாம் சிரித்து அமர்த்தாதிருப்போமாக. அவ்வாக்கியத்தைப் பொறுமையோடு கேட்டு, மகிழ்ச்சியோடு மறுமொழி கூறுவோம். அடுத்த வாக்கியம் தானே வரும்.