ரேடியோ மாற்றிய பின் பேட்டரி ஏன் படுத்துவிடுகிறது?

மூன்று நாள் தியோமான் தீவில் கழித்துவிட்டு மெர்சிங் படகுத்துறைக்குத் திரும்புகிறீர்கள். நிறுத்துமிடத்தில் உங்கள் பழைய ஹைலக்ஸ் காத்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஓசை, இயந்திரம் சுழலவில்லை. பேட்டரி வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டுத்தான் போனீர்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். சில வாரங்களுக்கு முன், வண்டியோடு வந்த கேசட் ரேடியோவைக் கழற்றிவிட்டு, புளூடூத் வசதியுள்ள புதியதைப் பொருத்தினீர்களா? அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேடியோவை அல்ல. அதன் பின்னால் இருக்கும் இரண்டு வயர்களை.

அளவு பொருந்தும், வயர் பொருந்தாது

தொண்ணூறுகளில் வந்த வண்டியிலும் இன்றைய ரேடியோ கச்சிதமாக உட்காருவதற்குக் காரணம் ஓர் அளவுத் தரம். ஜெர்மனியில் 'டின்' என்ற பெயரில் தோன்றிய அந்த அளவு, பின்னர் ஐஎஸ்ஓ 7736 என்னும் அனைத்துலகத் தரமாயிற்று. முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். 'டபுள் டின்' என்றால் உயரம் 100 மில்லிமீட்டர்.

ஆனால் பின்பக்கத்து வயர்களில் இந்த ஒற்றுமை இல்லை. வண்டித் தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நிறம், ஒரு பிளக் வைத்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் ரேடியோக்களில் மட்டும் பெரும்பாலும் ஒரே வழக்கம் உண்டு: மஞ்சள் வயர் பேட்டரியின் நிரந்தர மின்சாரம், சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரம், கறுப்பு வயர் எர்த்.

ஏன் இரண்டு மின்வழிகள்? மஞ்சள் வயர், நீங்கள் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தையும் பதிந்து வைத்த மின்னல் எஃப்எம் அலைவரிசையையும் நினைவில் வைத்திருக்க உதவுகிறது. அதற்குச் சில மில்லி ஆம்பியர் போதும். வண்டி ஓடும்போது ஒலிபெருக்கிக்கு வேண்டிய மின்சாரமும் இதே வழியாகத்தான் வருகிறது. சிவப்பு வயரின் வேலை 'எழுந்திரு', 'தூங்கு' என்று கட்டளையிடுவது மட்டுமே.

ரேடியோ தூங்காவிட்டால்

பழைய வண்டியில் சாவியோடு வரும் மின்சாரம் எளிதில் கிடைக்காமல் போகலாம். வயர் அறுந்திருக்கலாம், முன்பு யாரோ வெட்டியிருக்கலாம். அப்போது மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர மின்சாரத்தில் இணைத்துவிடுவது ஒரு குறுக்குவழி. பாட்டு கேட்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் சாவியை எடுத்த பிறகும் ரேடியோ தூங்குவதில்லை. கூடுதல் ஆம்பிளிஃபயர் இருந்தால் அதுவும் சேர்ந்து விழித்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை ஆம்பியர் கசிந்தால் மூன்று நாளில், அதாவது 72 மணி நேரத்தில், 36 ஆம்பியர்-மணி போய்விடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது பாதிக்கும் மேல். இயந்திரத்தைச் சுழற்ற மிச்சமிருப்பது போதாமல் போகலாம். சரியாக இணைத்த வண்டியில் மொத்தக் கசிவு 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதே மூன்று நாளில் போவது 3.6 ஆம்பியர்-மணி மட்டுமே. தினமும் ஓடும் வண்டியில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. தீவுக்குப் போகிறவர்களின் வண்டி நாள்கணக்கில் நிற்பதால்தான் அது படகுத்துறையில் பிடிபடுகிறது.

இரண்டு வயரும் இடம் மாறினால் அடையாளம் வேறு: சாவியை எடுக்கும்போதெல்லாம் கடிகாரமும் அலைவரிசைகளும் அழிந்துவிடும்.

உப்புக் காற்றும் டேப் சுற்றிய இணைப்பும்

மெர்சிங் தென்சீனக் கடலைப் பார்த்திருக்கும் ஊர். உப்பும் ஈரமும் கலந்த காற்று செம்பை அரிக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் வெப்பம் கறுப்பு டேப்பின் பசையை உருக்குகிறது. கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நாளடைவில் தளர்ந்து, அதன் மின்தடை ஏறுகிறது.

அந்தத் தடை அரை ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 6 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் வீணாகும். 18 வாட் வெப்பமும் உண்டாகும். சிறிய சால்டரிங் இரும்பு தரும் வெப்பம் அது. டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சால்டரிங் இரும்பைச் சொருகி வைத்துக்கொண்டு, காடும் செம்பனைத் தோட்டமும் நீளும் கோத்தா திங்கி சாலையில் இரவில் ஓட்டுவதற்குச் சமம்.

இந்த வெப்பத்தைப் பியூஸ் தடுக்காது; ஓடுவது 6 ஆம்பியர்தானே. பியூஸ் வயரைக் காப்பது ஷார்ட் சர்க்கியூட் ஆகும்போது. கார் பேட்டரியால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ள முடியும். 10 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும், வயரையே பியூஸ் ஆக்குவதாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பழைய பிளக்கை வெட்டாதீர்கள். உங்கள் வண்டிக்கான அடாப்டர் வயர் கடையில் கிடைக்கும். ஒருபுறம் வண்டியின் பிளக், மறுபுறம் ரேடியோவின் வயர். இணைப்புகளைக் கிரிம்ப் செய்து அல்லது சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். மஞ்சள் உறையிட்ட வயர்க்கட்டு தென்பட்டால் தொடாதீர்கள். அது ஏர்பேக்கினுடையதாக இருக்கலாம்.

வண்டிப் பக்கத்து வயர்களின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். வயரை அடையாளம் காணும்போது மட்டும் நெகட்டிவ் முனையை மீண்டும் பூட்டி, மீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் இரும்பில் வையுங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுவது நிரந்தர வயர். சாவியைத் திருப்பினால் காட்டி, எடுத்தால் மறைவது மற்றது. ஸ்பீக்கர் வயர் எதையும் வண்டியின் இரும்போடு இணைக்கக் கூடாது. இன்றைய ரேடியோக்களில் ஸ்பீக்கரின் இரு முனையிலும் மின்னழுத்தம் உண்டு. எர்த் ஆனால் உள்ளிருக்கும் ஐசி கருகலாம்.

பெரிய லோரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இருப்பது பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். ஒன்று குறையாகவும் மற்றது மிகையாகவும் சார்ஜ் ஆகி இரண்டும் கெடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர்தான் சரியான வழி.

கடைசிச் சோதனை

வேலை முடிந்ததும், கடைக்காரரே செய்திருந்தாலும், இதைச் செய்து பாருங்கள். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். சில நிமிடம் பொறுத்திருங்கள். 0.05 அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் நிம்மதி. 0.3, 0.5 என்று காட்டினால் ரேடியோவின் பியூஸைப் பிடுங்குங்கள். எண் சட்டென்று இறங்கினால் குற்றவாளி அகப்பட்டது. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது மட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் தாங்காது.

சாதாரண மல்டிமீட்டர் இருபது, முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும். சோதனைக்கு ஆவது பத்து நிமிடம். படகு ஏறுவதற்கு முதல் நாள் வீட்டு வாசலிலேயே அதை முடித்துவிடுங்கள்.